கடல் கடந்த பொருளும் செட்டிநாட்டு வீடும்

ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் பட்டயங்களையும் கணக்கேடுகளையும் புரட்டுவர். அவற்றிற்கு ஒப்பான சான்று மற்றொன்று உண்டு. அஃது அக்குடும்பம் வாழ்ந்த வீடும், அவ்வீட்டில் அது சேர்த்துவைத்த பொருள்களுமாகும். சுவரில் தொங்கும் கடிகாரமும், பரணில் கவிழ்த்துவைத்த பாத்திரமும் எங்கே செய்யப்பட்டவை, யார் வாங்கியவை, எவ்வழியாக வந்தவை என்று கேட்கத் தொடங்கினால், ஏட்டில் இல்லாத செய்திகள் பல வெளிவரும். இதற்குத் தமிழகத்தில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு செட்டிநாட்டு வீடு.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் முதலிய ஊர்கள் அடங்கிய வறண்ட நிலப்பகுதியே செட்டிநாடு. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் தொண்ணூற்றாறு என்பது மரபு. இன்று எஞ்சியிருப்பவை எழுபதுக்கும் சற்று மேற்பட்டவையே. ஆறு பாயாத இந்நிலத்தில் தேக்கு விளைவதில்லை; சலவைக்கல் கிடைப்பதில்லை; கண்ணாடி ஆலை எதுவும் அன்று இருந்ததில்லை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து 1940 வரை இங்கு எழுந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் இவை யாவும் நிறைந்திருந்தன. மண் தராததைக் கடல் தந்தது என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

வீட்டின் அமைப்பு

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்று நோக்கினால், நிலைக்குப் பின் நிலையாக, முற்றத்துக்குப் பின் முற்றமாக, பின்வாசல் வரை நேர்கோட்டில் பார்வை செல்லும். முன்னால் திண்ணையும் முகப்பும். அது ஆடவர் அமர்ந்து கணக்குப் பார்ப்பதற்கும் விருந்தினரை வரவேற்பதற்கும் உரிய இடம். அடுத்தது வளவு, வானம் பார்த்த முற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டிய அறைகளும் கொண்ட பகுதி. அதனை அடுத்து இரண்டாங்கட்டு. இறுதியில் அடுப்படியும் கிணறும். முற்றத்தில் விழும் மழைநீர் வீணாகாமல் சேகரிக்கப்பட்டது; ஊரின் மழைநீர் ஊரணியைச் சென்றடைந்தது. நீர் அரிதான நாட்டில் இது அழகுக்காக மட்டும் செய்த ஏற்பாடன்று.

வளவைச் சுற்றியுள்ள அறைகளின் கணக்கு கருதத்தக்கது. மகனுக்குத் திருமணம் முடிந்ததும் அவனையும் மருமகளையும் ‘வேறுவைத்தல்’ நகரத்தார் வழக்கம். ஒரே கூரையின்கீழ்த் தனி அடுப்பு, தனிச் செலவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் நெல்லும் பணமும். மணமான ஆண்மகன் மனைவியோடு சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’ ஆகிறான். வீட்டில் அவனுக்கென்று வளவறை ஒன்று ஒதுக்கப்படுகிறது. அவ்வறையில் பெரும்பாலும் உறங்குவதில்லை. அது பொருள் வைக்கும் அறை. உறக்கமும் பேச்சும் தாழ்வாரத்தில். பூட்டும் சாவியும் அறைக்கு. ஆகவே செட்டிநாட்டு வீடு பல குடும்பங்கள் கூடிவாழும் இடமாகவும், பல உடைமைகள் தனித்தனியே காக்கப்படும் களஞ்சியமாகவும் ஒருங்கே விளங்கியது.

கிட்டங்கியும் வளவும்

இவ்வீடுகளைக் கட்டிய பொருள் ஈட்டப்பட்ட இடங்கள் வேறு. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. ஐராவதி ஆற்று முகத்துவாரத்தில் காடு வெட்டி வயலாக்கிய உழவர்க்குக் கடன் வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகள் அவர்களை நாடவில்லை. அவ்விடத்தை நகரத்தார் நிரப்பினர். 1930இல் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று அக்கால வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களிலும் அவர்தம் தொழில் பரவியிருந்தது.

பொருளீட்டக் கடல் கடந்து செல்வதைக் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்றனர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிப்படியாக அமைந்த ஊழியத்தில், பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒரு கணக்கு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளை மூத்த வாசகர்கள் அறிவர். நீண்ட கூடம், இருபுறமும் வரிசையாகச் சாய்வுமேசைகள், ஒவ்வொரு மேசைக்குப் பின்னும் ஓர் இரும்புப் பெட்டி, ஒரே கூரையின்கீழ்ப் பல கடைகள். பகலில் அதே தரையில் தொழில். இரவில் அதே தரையில் பாய். நாற்காலிகூட அங்கு மிகைப் பொருள். ஊரில் பெரிய வளவும் முகப்பும் உடைய முதலாளியும் கிட்டங்கிக்கு வந்தால் பெட்டியடியில்தான் படுத்தார்.

இவ்விரண்டு இடங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றிச் செட்டிநாட்டு வீட்டின் பொருள் விளங்காது. பயணத்தில் சிக்கனம், வீட்டில் நிறைவு என்று அவர்கள் வாழ்வைப் பகுத்துக்கொண்டனர். அயலூரில் தமக்கென்று ஒரு தட்டுமுட்டும் சேர்க்காதவர்கள், ஊர் திரும்பும்போது வீட்டிற்கென்று பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தனர்.

மரமும் கல்லும் கண்ணாடியும்

முதலில் வந்தது மரம். பர்மாத் தேக்கு தூணாகவும் உத்தரமாகவும் நிலையாகவும் ஆயிற்று. ஒரே மரத்தில் கடைந்த தூண்கள் முகப்பிலும் வளவிலும் வரிசையாக நின்றன. பின்னர் இத்தாலியச் சலவைக்கல் தரைக்கும், பெல்ஜியக் கண்ணாடி சுவருக்கும், இங்கிலாந்திலிருந்து இரும்பு உத்தரமும் வார்ப்புத் தூணும் மேல்மாடிக்கும் வந்தன. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் செய்யப்பட்ட பூ ஓடுகள் சுவரின் கீழ்ப்பகுதியை அணிசெய்தன. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானில் கட்டி 1912இல் முடித்த அரண்மனை இவ்வகையில் உச்சநிலையைக் காட்டுவது. வாயிலின் மேல் சுதையால் ஆன கஜலட்சுமி. அவளுக்கு அருகில் சில வீடுகளில் துப்பாக்கி ஏந்திய வெள்ளைச் சிப்பாய். வீட்டுத்தலைவர் கண்ட உலகமும் அவர் வணங்கிய தெய்வமும் ஒரே சுவரில் இடம்பெற்றதில் எவரும் முரண்பாடு காணவில்லை.

வந்த பொருள்களுக்கு நிகராக உள்ளூர்த் தொழிலும் வளர்ந்ததுதான் இதில் சிறப்பு. சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, பல படிகளாகப் பூசித் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சு, நூறாண்டுக்குப் பின்னும் சலவைக்கல்லைப் போல் பளபளக்கிறது. வெளிநாட்டுப் பூ ஓட்டைப் பார்த்த உள்ளூர்க் கைவினைஞர் ஆத்தங்குடியில் தம் வழியில் ஒன்றை உருவாக்கினர். கண்ணாடிப் பலகையின்மேல் சட்டத்தை வைத்து, தகட்டு அச்சின் கட்டங்களில் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உள்ளூர் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவர். நீரில் பல நாள் ஊறியபின் கண்ணாடியைப் பிரித்தால், அதன் வழவழப்பு ஓட்டின் முகத்தில் படிந்திருக்கும். சூளை இல்லை, நெருப்பு இல்லை. கடல் கடந்து வந்த ஒரு நினைவு உள்ளூர் மணலில் புதிய தொழிலாகப் பிறந்ததற்கு ஆத்தங்குடிக் கல் சான்று. அத்தொழில் இன்றும் நடைபெறுகிறது.

ஆச்சிமாரின் உடைமை

சுவரும் தூணும் ஆடவர் ஈட்டிய பொருளின் கணக்கு என்றால், வளவறைக்குள் பூட்டிவைத்த பொருள்கள் பெண்டிரின் கணக்கு. மகள் பிறந்தது முதலே தாய் அவளுக்காகச் சாமான் சேர்க்கத் தொடங்குவாள். பித்தளை, வெண்கலம், வெள்ளிப் பாத்திரங்கள், பர்மாவிலிருந்து வந்த அரக்கு மரவைகள், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செய்த மங்குச் சாமான்கள், கண்ணாடிக் குடுவைகள், பெண்கள் கையால் முடைந்த பனையோலைக் கொட்டான்கள். திருமணத்தின்போது இவற்றைப் பரப்பிவைத்து உறவினர்க்குக் காட்டுவர். பட்டியல் எழுதப்படும். பின்னர் அவை மணமகளின் வளவறையைச் சேரும். அவை அவளுக்கே உரியவை. அவளிடமிருந்து அவள் மகளுக்குச் செல்பவை. தாய்வீட்டார் கொடுத்த பணத்தைத் தொழிலில் வட்டிக்கு இடுவதும் உண்டு. அதுவும் அவள் பெயரில் தனிக் கணக்காக வளர்ந்தது.

வீடு தந்தைவழிப் பங்காளிகளுக்குச் சென்றது. சாமான் தாய்வழியில் மகளுக்குச் சென்றது. ஒரே கூரையின்கீழ் இருந்த இவ்விரு வழிகளையும் சேர்த்துப் பார்ப்பவர்க்கே குடும்பத்தின் முழு வரலாறும் கிட்டும்.

இதில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆச்சிமார் பெரும்பாலும் கடல் கடக்கவில்லை. கணவன் மூன்றாண்டு ரங்கூனிலோ ஈப்போவிலோ இருக்க, அவர்கள் வீட்டையும் நிலத்தையும் கோயில் முறையையும் தாமே நடத்தினர். ரங்கூனைக் காணாத ஒருத்தி, ரங்கூனிலிருந்து வந்த மரவையை அறுபதாண்டு துடைத்து வைத்தாள். எந்தப் பயணத்தில் எது வந்தது, எந்தக் குழந்தை பிறந்த ஆண்டில் எது வாங்கப்பட்டது என்பதெல்லாம் அவள் நினைவில் இருந்தன. பயணம் செய்தவர் ஒருவர். பயணத்தின் நினைவைக் காத்தவர் மற்றொருவர். அப்பத்தாளும் ஆயாளும் சொல்லக் கேட்டே பேரப்பிள்ளைகள் அப்பொருள்களை அறிந்தனர்.

பாத்திரங்களில் ‘பெயர் வெட்டுதல்’ என்னும் வழக்கமும் உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கி எழுதும் ‘விலாசம்’ நகரத்தார் தொழிலில் கையொப்பத்துக்கு நிகரானது. அதே எழுத்துகளைத் தவலையின் கழுத்திலும் தாம்பாளத்தின் விளிம்பிலும் வெட்டிவைத்தனர். எந்த வீட்டுப் பாத்திரம் என்பதை இவ்வெழுத்து சொல்லும். எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதைச் சொல்லாது. திருமணப் பட்டியலும் பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் கூறுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். அணாப் பைசா வரை கணக்கெழுதிய சமூகத்தில், பொருளின் வரலாறு மட்டும் வாய்மொழியாகவே இருந்துவிட்டது.

பயணம் நின்ற பிறகு

1930இல் உலகப் பொருளாதாரம் தளர்ந்தது. பர்மாவில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடன்பட்ட உழவர் நிலத்தைக் கொடுத்துக் கடன் தீர்த்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியார் கையில் இருந்தது. 1937இல் அது 25 பங்காக உயர்ந்தது. நிலம் வேண்டி அவர்கள் பர்மாவுக்குச் சென்றாரல்லர். பணமே அவர்கள் பண்டம். ஆனால் நிலம் இழந்த பர்மிய உழவர் கண்ணில் அவ்வேறுபாடு படுவதற்கில்லை. செட்டிநாட்டுத் தேக்குத் தூணைப் புகழும்போது, அதன் மறுபுறத்தில் அவ்வுழவரின் துயரமும் நிற்கிறது என்பதை வரலாறு மறைத்தல் ஆகாது.

1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தன. பல இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர்; அவர்களுள் பலர் மலைவழியே நடந்தனர்; வழியில் மாண்டோர் பலர். சுதந்திர பர்மா 1948இல் நில உடைமைச் சட்டம் இயற்றியது. 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் 1963இல் வங்கிகளும், அடுத்த ஆண்டில் கடைகளும் அரசுடைமையாயின. 1964இல் மீண்டும் ஒரு பெரும் வெளியேற்றம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செட்டிநாட்டை ஊட்டிவந்த ஊற்று வறண்டது.

ஊற்று வறண்டபின் வீடு பெருஞ்சுமையாயிற்று. பங்காளிகள் பெருகப் பெருக, ஒரே வீட்டிற்கு இருபது, முப்பது பங்குதாரர்கள் உண்டாயினர். சென்னையில் சிலர், கோலாலம்பூரில் சிலர், அமெரிக்காவில் சிலர். ஓடு மாற்றுவதற்கும் எல்லோரும் இசைய வேண்டும். விற்பதற்கும் எல்லோரும் இசைய வேண்டும். திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் கதவு திறந்தது. பல வீடுகளில் மழைநீர் உத்தரத்தில் இறங்கியது. சுவரைப் பிரிப்பது கடினம். சாமானைப் பிரிப்பது எளிது. ஆகவே முதலில் சாமான் போயிற்று. பிறகு கதவும் தூணும் போயின. இறுதியில் சில ஊர்களில் மனைக்கட்டு மட்டுமே நின்றது.

பிரிந்த பொருள்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. மங்குக் கிண்ணமும், மரவையும், ரவிவர்மா அச்சுப் படமும், பெல்ஜியக் கண்ணாடியும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவோர்க்கு அது அழகிய பொருள். விற்றோர்க்கு அது ஒழிந்த சுமை. கடைக்காரரைக் குறைகூறுவதற்கில்லை, அவர் வாங்காவிடில் பல பொருள்கள் காயலான் கடையின் உலைக்குச் சென்றிருக்கும். எனினும் வளவறையிலிருந்து கடைக்கு வரும் சிறு தொலைவில், ஒரு பொருள் தன் வரலாறு முழுவதையும் இழந்துவிடுகிறது. யாருடைய சீர், எந்த ஆண்டு, எந்த ஊர் என்பன அழிந்து, ‘பழையது’ என்ற ஒரே சொல் எஞ்சுகிறது.

காக்கும் முயற்சிகளும் இல்லாமலில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டிலிருந்து பிரித்துக் கொணர்ந்த வணிகர் வீடு ஒன்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூல் நகரத்தார் மரபை விரிவாகப் பதிவுசெய்தது. 2014இல் இந்தியா, செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. சில வீடுகள் விடுதிகளாகி உயிர் பெற்றுள்ளன.

சிங்கப்பூர் வாசகர்கள் இதனைத் தம் ஊரிலேயே காணலாம். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செட்டிநாட்டு வாசற்கதவு ஒன்று நிலையோடு காட்சிக்கு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்கல்கள் உள்ளன. அதன் வழியே புகுந்தால் வளவு இல்லை, தாழ்வாரம் இல்லை, பின்வாசல் வரை செல்லும் நேர்கோடும் இல்லை. தச்சரின் கைத்திறம் முழுமையாக நிற்கிறது. அக்கதவைத் திறந்து மூடியவர்களின் வாழ்வைப் பார்ப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒரு கதவைக் காப்பாற்றுவதற்கும் ஒரு வீட்டைக் காப்பாற்றுவதற்கும் உள்ள தொலைவு இத்தகையது.

மறுபக்கக் கணக்கு

எல்லா வீடுகளையும் காத்தல் எவராலும் இயலாது. செலவும் பெரிது, சட்டச் சிக்கலும் பெரிது. ஆனால் பொருளின் வரலாற்றைக் காப்பதற்குத் தேக்கும் வேண்டாம், சலவைக்கல்லும் வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும். பொருளின் பெயர், அதில் வெட்டிய எழுத்து, கொண்டுவந்தவர், கொண்டுவந்த ஊர், அது வீட்டில் இருந்த இடம், அதனைப் பற்றி வீட்டார் சொல்லும் செய்தி ஆகிய ஆறையும் முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுதிவைத்தால், அப்பொருள் பின்னர் எங்குச் சென்றாலும் ஊமையாகாது. தமிழாசிரியர் தம் மாணவர்க்கு இதனை ஒரு விடுமுறைப் பயிற்சியாகவே அளிக்கலாம். மங்கு, மரவை, கொட்டான், வளவு, முகப்பு என்னும் சொற்கள் அகராதியில் காணும் பொருளோடு, கையில் எடுத்த பொருளாகவும் அவர்க்கு விளங்கும்.

இப்பணி செட்டிநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் வந்த குடும்பங்களும் இரும்புப் பெட்டியில் எதையோ கொண்டுவந்தன. எதையோ ஊருக்கு அனுப்பின. செட்டிநாட்டு வீட்டின் கணக்கேட்டில் வரவு எழுதப்பட்ட பக்கம் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்கிறது. அதற்குரிய பற்று எழுதப்பட்ட பக்கம் பினாங்கிலும், ஈப்போவிலும், சிங்கப்பூரிலும் இருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்துவிட்டன. ஆனால் அங்கே பாய் விரித்துப் படுத்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இந்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டு அலமாரிகளில் பழைய கடிதமும் நிழற்படமும் பெயர் வெட்டிய பாத்திரமும் இருத்தல் கூடும். அவற்றின் செய்தியைக் கேட்டு எழுத வேண்டிய காலம் இதுவே. சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டனர்.